மூடியைத் திறந்து பார்ப்பவர்கள்

இந்த மலருக்குப் படமெடுக்க வந்த தம்பி, காமிராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு குடியிருப்பை இரண்டு சுற்று சுற்றிவிட்டு என்னிடம் வந்து நின்றார். “பிளான்ட் எங்கண்ணே இருக்கு?” என்றார். வேலியோரம் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்த கல்வாழையைக் காட்டினேன். “செடி இல்லண்ணே, கழிவுநீர் பிளான்ட்டு.” “ரெண்டும் ஒண்ணுதான் தம்பி.” அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மோட்டார் இரைச்சல், நீல வண்ணம் அடித்த இரும்புத் தொட்டி, வாசலில் ஒரு காவலாளி என்று எதையோ எதிர்பார்த்து வந்தவர். கடைசியில் என்னையே கல்வாழைக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் படம் மலரில் வந்திருந்தால், என் முகத்தை விட்டுவிட்டுக் காலடியில் இருக்கும் சிமெண்டு மூடிகளைப் பாருங்கள். கட்டுரை அவற்றைப் பற்றியது.

மலர்க்குழுவினர் கொடுத்த தலைப்பு ‘ஆரோவில்லில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் வரலாறு’. நான் சரித்திரம் படித்தவன் அல்ல. பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, இங்கே வேலைக்கு வந்து, ஒரு குடியிருப்பின் தொட்டிகளைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன். எந்தக் குடியிருப்பு என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே நடந்த தப்புகளை எழுத முடியாது.

1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளிலிருந்து வந்த மண்ணை ஒரு தாமரை மொட்டுக் கலசத்தில் இட்டு ஆரோவில் தொடங்கியது. எல்லா விழா மலர்களிலும் அந்தப் படம் வரும். பின்னால் தெரியும் தரையை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. மொட்டைச் செம்மண். அங்கங்கே ஒரு பனை, தள்ளித் தள்ளி முந்திரி. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் திருவிழாவில் நாட்டியப் பெண்ணின் காற்சிலம்பு கழன்று விழ, கடுவெளிச் சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டினாராம். கூட்டம் கேலி செய்ததாம். சித்தர் சினந்து பாட, லிங்கம் மூன்றாக வெடித்து, ஊரும் பாழாய்ப் போகும் என்று சாபம் விழுந்ததாம். மூன்று துண்டாகிச் செம்புப் பட்டையால் பிணைத்த லிங்கம் இன்றும் அந்தக் கோயிலில் இருக்கிறது. சாபத்தை நம்பாதவர்கள், மரத்தை வெட்டினார்கள், ஆட்டை மேயவிட்டார்கள், மேல்மண் மழையில் கடலுக்குப் போயிற்று என்பார்கள். எப்படிச் சொன்னாலும் கணக்கு ஒன்றுதான்: ஆறு இல்லாத மேட்டு நிலம். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழை, மீதி நாளெல்லாம் கிணறு.

வந்தவர்கள் முதலில் வரப்பு போட்டார்கள், மரம் வைத்தார்கள். அது பலரும் எழுதிய வரலாறு. கழிவுநீர் அந்த வரலாற்றில் இல்லாததற்குக் காரணம், அப்போது கழிவுநீரே இல்லை. குடத்தில் சுமந்து வருகிற தண்ணீருக்குக் கழிவு ஏது? என் அம்மா பாத்திரம் கழுவிய தண்ணீர் நேராக வாழைக்கட்டைக்குப் போகும். அரிசி களைந்த கழுநீர் மாட்டுக்கு. குளித்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு. கொல்லையில் ஒரு கல்லும் அதன் பக்கத்தில் இரண்டு வாழையும் இருந்தால் அந்த வீட்டுக்கு அதுவே சுத்திகரிப்பு நிலையம். வெளிக்குப் போவதற்குச் சவுக்குத் தோப்பு. ஆரோவில்லின் கீற்றுக் குடிசைக் காலத்திலும் குழியைத் தோண்டினோம், நிறைந்தால் மூடினோம் என்கிற அளவில்தான் காரியம் நடந்தது.

குழாயும் தண்ணீர்த் தொட்டியும் வந்த பிறகு நிலைமை வேறு. ஒரு தடவை சங்கிலியை இழுத்தால் பத்து லிட்டர் போகிற கழிப்பறைகள் வந்தன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்டிக் டேங்க், அதையொட்டி ஒரு உறிஞ்சுகுழி. செப்டிக் டேங்கைப் பற்றி நம் ஊரில் ஒரு தப்பான எண்ணம் உண்டு, அது சுத்தம் செய்துவிடுகிறது என்று. அது செய்வது, கனமானதைக் கீழே தங்கவைப்பதும் மிதப்பதை மேலே நிறுத்துவதும்தான். வெளியே வருகிற தண்ணீரின் அழுக்கில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். அதை உறிஞ்சுகுழி மண்ணுக்குள் அனுப்புகிறது. மண்ணுக்குள் போனது எங்கே போகும்? நாம் குடிக்கிற கிணற்றுக்குத்தான்.

நகரம் என்றால் வீதியெல்லாம் குழாய் பதித்து ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்வார்கள். ஆரோவில்லை 50,000 பேருக்கான நகரமாகத் திட்டமிட்டார்கள். இன்றைக்கு இருப்பவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். பத்து வீடு இங்கே, இருபது வீடு ஒரு கிலோமீட்டர் தள்ளி, நடுவில் காடு. பாதாளச் சாக்கடைத் திட்டங்களில் பெரும் செலவு குழாய்க்கே போகும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். இங்கே குழாய் போட்டால் காட்டுக்கு அடியில்தான் போட வேண்டும். அதோடு, கடல் பக்கம். போர் போட்டு இறைக்க இறைக்க உப்பு உள்ளே வரும் என்கிற பயம் எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு எப்போதும் உண்டு. ஒருமுறை இறைத்த தண்ணீரை இரண்டாம் முறை தோட்டத்துக்குக் காட்டினால் அவ்வளவு இறைப்பு மிச்சம். ஆக, எங்கே தண்ணீர் அழுக்காகிறதோ அங்கேயே சுத்தம் செய்து அங்கேயே பாய்ச்சு என்பது தத்துவமாக வரவில்லை. வேறு வழி இல்லாததால் வந்தது.

1984-ல் ஆரோவில்லில் அறிவியல் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. சி.எஸ்.ஆர். என்றால் எங்கள் பக்கத்துக் கொத்தனார்களுக்கும் தெரியும். ஃபெர்ரோசிமெண்டு எனும் கம்பிவலை சிமெண்டில் தொட்டியும் கதவும் செய்வது, காற்றாலை, சாண எரிவாயு, சூரிய சக்தி என்று அது கைவைக்காத வேலை குறைவு. சோலார் கிச்சன் மொட்டைமாடியில் 15 மீட்டர் அகலத்தில் கவிழ்க்காத சட்டி போல ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறதே, அதுவும் அவர்கள் வேலைதான். கழிவுநீர் அந்தப் பட்டியலில் கவர்ச்சி இல்லாத கடைசிப் பையன். ஆனால் பக்கத்து ஊர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அதிகம் போய்ச் சேர்ந்தது அந்தக் கடைசிப் பையன்தான் என்பது என் கட்சி.

ஜெர்மனியின் பிரேமன் நகரத்து ‘போர்டா’ அமைப்பு, அங்கேயே சுத்தம் செய்து அங்கேயே பாய்ச்சும் இந்த வகை ஏற்பாட்டுக்கு ‘டீவாட்ஸ்’ என்று பெயர் சூட்டி நாடு நாடாகக் கொண்டுபோயிற்று. 1998-ல் லுட்விக் சாஸே என்பவர் அதற்கான கையேட்டை எழுதினார். எத்தனை பேர், எவ்வளவு தண்ணீர், எத்தனை அறை, எவ்வளவு ஆழம் என்று கணக்குப் போடும் அட்டவணைகளோடு வந்த புத்தகம் அது. பெங்களூரில் சி.டி.டி. சொசைட்டி இந்தியாவில் இதைப் பரப்புகிற வேலையை எடுத்துக்கொண்டது. ஆரோவில் மையம் அந்தக் கூட்டணியில் இருந்தது. 1990-களில் எழும்பிய விகாஸ் குடியிருப்பில் அழுத்திய மண்கல் கட்டடம், சூரிய சக்தி இவற்றோடு உயிரிவழிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் முதலிலேயே வரைபடத்தில் இருந்தது. அது முக்கியமான மாற்றம். அதற்கு முன்பெல்லாம் வீட்டைக் கட்டி முடித்து, வர்ணம் அடித்து, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த பிறகுதான் ‘மேஸ்திரி, சாக்கடைத் தண்ணி எங்க விடறது?’ என்று கேட்பார்கள். நம் ஊரில் இப்போதும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

சரி, மூடிகளுக்கு வருவோம்.

முதல் மூடிக்குக் கீழே இருப்பது படிவுத்தொட்டி. இரண்டு அறை, முதல் அறை பெரியது. வருகிற தண்ணீர் இங்கே நின்று நிதானித்து, கசடைக் கீழே விடும். மேலே ஏடு கட்டும். பால் ஏடு போலத் தொடங்கி, கவனிக்காமல் விட்டால் தோசைக்கல் கனத்துக்கு வரும்.

அடுத்த மூடிகள் தடுப்புத் தொட்டிக்கு உரியவை. இதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். வரிசையாக நான்கைந்து அறைகள். தண்ணீர் ஒவ்வொரு அறையிலும் குழாய் வழியாக அடிக்குப் போய், அங்கே தங்கியிருக்கும் கருப்புச் சேற்றைத் துளைத்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். ஏறியதும் மறுபடி அடுத்த அறையின் அடிக்கு இறங்க வேண்டும். அந்தச் சேற்றுக்குள் காற்று இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. தண்ணீர் கடக்கும்போதெல்லாம் அதில் கரைந்திருப்பதைத் தின்று வாயுவாக விடுகின்றன. தண்ணீர் மெதுவாக ஏற வேண்டும். மணிக்கு ஒரு மீட்டர், மிஞ்சிப்போனால் இரண்டு. வேகமாக ஏறினால் சேற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். மோட்டார் கிடையாது. நிலத்தின் சரிவுதான் எல்லாவற்றையும் தள்ளுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மெக்கார்ட்டி குழுவினர் 1980-களின் தொடக்கத்தில் ஆய்வுக்கூடத்தில் பண்படுத்திய யோசனை இது. எங்கள் ஊர்க் கொத்தனார் அதைக் கட்டும்போது தூக்குக்குண்டும் ரசமட்டமும்தான் வைத்திருந்தார். மட்டம் அரை அங்குலம் தப்பினால் ஒரு பக்கமாகவே தண்ணீர் ஓடி மறுபக்கம் சும்மா கிடக்கும் என்பதை அவருக்கு யாரும் இரண்டு முறை சொல்லவேண்டி வரவில்லை.

மூன்றாவது, மூடி இல்லாத கல்வாழைப் படுகை. கூழாங்கல்லும் ஜல்லியும் நிரப்பிய, இரண்டடி ஆழமுள்ள தொட்டி. அடித்தளத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு. தண்ணீர் மேற்பரப்புக்கு இரண்டு அங்குலம் கீழேயே ஓடும். கண்ணுக்குத் தெரியாது, கொசுவும் முட்டையிட முடியாது. கல்வாழையும் நாணலும் கோரையும் வேரைக் கீழே விடுகின்றன. செடிதான் அழுக்கைக் குடிக்கிறது என்று பார்க்க வருகிறவர்கள் நினைப்பார்கள். பெரும்பங்கு வேலை கல்லின்மேல் படிந்திருக்கும் வழுக்குப் படலத்துக்கு உரியது. செடி அதற்கு இடமும் கொஞ்சம் காற்றும் கொடுக்கிறது. ஜெர்மனியில் கேதே ஸைடல் என்ற அம்மையார் 1950-களில் கோரைப்புல்லை வைத்து இதை ஆராயத் தொடங்கியபோது அதை ஏற்றுக்கொண்டவர்கள் அதிகம் இல்லை. சாக்கடைக்குச் செடி நடுகிற பெண் என்றால் எந்த ஊரிலும் சிரிக்கத்தானே செய்வார்கள்.

கடைசியில் தெளிகுளம். ஒரு மீட்டர் ஆழம். வெயிலும் காற்றும் மீதி வேலையைச் செய்கின்றன. கொசுப்புழுவுக்கு மீன் விட்டிருக்கிறோம். சில இடங்களில் குளத்துத் தண்ணீரைச் சின்ன மோட்டார் வைத்து ஒரு சுழல் உருளை வழியாக விடுகிறார்கள். தண்ணீர் புனல் போலச் சுழன்று இறங்கும்போது காற்றையும் கூடவே இழுத்துப் போகிறது. பார்க்க அழகாக இருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் படமெடுப்பது அதைத்தான்.

சுத்தமாயிற்றா இல்லையா என்பதை அளக்க உயிர்வழி ஆக்சிஜன் தேவை என்று ஒரு கணக்கு இருக்கிறது. தண்ணீரிலுள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே அதன் பொருள். வீட்டுச் சாக்கடையில் லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும். நம் சட்டப்படி ஏரி, ஆற்றில் விடுவதானால் 30-க்குள் வேண்டும். நிலத்துக்குப் பாய்ச்ச 100 வரை போகலாம் என்று முன்பு இருந்தது. இந்தச் சோதனையை வெகுகாலம் ஐந்து நாள் வைத்துச் செய்தார்கள். ஏன் ஐந்து என்றால், இங்கிலாந்தின் எந்த ஆறும் கடலைச் சேர ஐந்து நாளுக்கு மேல் எடுக்காது என்று காரணம் சொல்வார்கள். நம் நாட்டுச் சூட்டுக்கு 27 டிகிரியில் மூன்று நாள் என்று பிறகு மாற்றிக்கொண்டார்கள். நம் சாக்கடை கடலுக்கா ஓடுகிறது, வருடம் முழுக்க ஏரியில் அல்லவா நிற்கிறது என்று எனக்கு எப்போதும் ஒரு முணுமுணுப்பு உண்டு. எங்களிடம் ஆய்வுக்கூடம் இல்லாத நாளில் நான் செய்வது வேறு. நான்கு கண்ணாடிப் பாட்டில். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரு பாட்டில் பிடித்துச் சுவர்மேல் வரிசையாக வைத்துவிடுவேன். முதல் பாட்டில் சாம்பல் நிறம், நாற்றம். இரண்டாவதும் கலங்கல், நாற்றம் குறைவு. மூன்றாவதில் லேசான டீத்தண்ணீர் நிறம், பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்தைப் படிக்கலாம். நான்காவதில் படலம் போலப் பச்சை. மறுநாளும் மூன்றாவது பாட்டில் நாறவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வரும்.

மூடியைத் திறக்கிற விஷயத்தை இனிமேல் ஒத்திப்போட முடியாது.

பிரான்சில் வெஸூல் என்ற ஊரில் மூராஸ் என்பவர் 1860 வாக்கில் தன் வீட்டுக் கழிவுக்கு ஒரு மூடிய கல்தொட்டி கட்டினார். பன்னிரண்டு வருடம் போல் கழித்துத் திறந்து பார்த்தால், நிரம்பி வழிந்திருக்க வேண்டிய தொட்டியில் கசடு மிகக் குறைவாக இருந்தது. அந்த ஆச்சரியத்திலிருந்து பிறந்ததுதான் இன்றைய செப்டிக் டேங்கின் வம்சம். 1881-ல் அவர் காப்புரிமை வாங்கினார். 1895-ல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் கேமரன் ‘செப்டிக்’ என்ற பெயரை வைத்தார். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது கண்டுபிடிப்பு அல்ல. அந்த மனிதர் திறந்து பார்த்தாரே, அதுதான். பார்க்காமலே விட்டிருந்தாலும் தொட்டி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் யாருக்கும் தெரிந்திருக்காது.

எங்கள் தொட்டியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. மோட்டார் இல்லை, கரண்டு இல்லை, ரசாயனம் இல்லை என்று சொல்லித்தான் இதைக் கட்டினார்கள். குடியிருப்பில் இருந்தவர்கள் அதோடு ஆளும் வேண்டாம் என்று தாமாகச் சேர்த்துக்கொண்டார்கள். நானும்தான். முதல் மூன்று மாதம் நாற்றம் தாங்கவில்லை. சேற்றில் நுண்ணுயிர் பெருக அவ்வளவு நாள் ஆகும், பழைய செப்டிக் டேங்கிலிருந்து ஒரு வண்டி கசடு வாங்கி ஊற்றினால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்று பிறகு தெரிந்தது, பாலில் உறை ஊற்றுவது மாதிரி. நாற்றம் போனதும் எல்லாரும் மறந்தே போனோம். மூடிமேல் பூந்தொட்டி வைத்தோம். சைக்கிள் நிறுத்தினோம். இரண்டு வருடம் யாரும் திறக்கவில்லை.

மூன்றாம் வருடம் கல்வாழைப் படுகையின் முகப்பில் தண்ணீர் மேலே வந்து நின்றது. கருப்பாக, கொசுவோடு. செடி மஞ்சளாயிற்று. பூந்தொட்டிகளை நகர்த்தி, கடப்பாரையால் மூடியை நெம்பித் திறந்தோம். முதலில் வந்தவை கரப்பான்கள். மூடியின் அடிப்பக்கம் முழுக்க அப்பிக்கொண்டிருந்த அத்தனையும் நெட்டுக்குத்தாக என் கையேறி ஓடின. அடுத்து அழுகிய முட்டை வாடை. ஆள் பின்னால் நகர்ந்து நின்று வாடை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். பிறகு பார்த்தால் உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, மெழுகு ஊற்றியது போல் ஒரு படலம். சமையல் எண்ணெய். பொதுச் சமையற்கட்டிலிருந்து வருகிற குழாயில் எண்ணெய் பிடிக்கும் தொட்டி ஒன்று இருந்தது. அதையும் யாரும் திறக்கவில்லை. நிரம்பி, எண்ணெய் அதைத் தாண்டி, படிவுத்தொட்டியைத் தாண்டி, ஜல்லிவரை போய்விட்டது. போதாக்குறைக்குக் கழிப்பறை கழுவுகிறவர்கள் வாரம் ஒரு பாட்டில் ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள். தடுப்புத் தொட்டியிலிருந்த சேறு பாதி செத்துக் கிடந்தது.

அதைச் சரி செய்ய வந்த பெரியவர் ஒருவர், சி.எஸ்.ஆர். பக்கம் பல காலம் வேலை பார்த்தவர், ஒரு நீளக் கழியைக் கேட்டார். அதன் அடியில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டினார். தொட்டியில் நேராக இறக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மெதுவாக எடுத்தார். துண்டில் கருப்புக் கறை எவ்வளவு உயரத்துக்கு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு கசடு. “மூணுல ஒரு பங்குக்கு மேல வந்தா வண்டியக் கூப்புடு, தம்பி. அதுக்குக் கீழன்னா மூடி வெச்சிடு. இதுக்கு எந்தப் படிப்பும் வேணாம். ஆனா மாசம் ஒருதரம் பாக்கணும்.” இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. அந்தக் கழி இப்போதும் என் அறையில் சாத்தி வைத்திருக்கிறது.

கழியை உள்ளே விடலாம், ஆளை விடக்கூடாது. இதை அவர் அன்று நான்கு முறை சொன்னார். தொட்டிக்குள் இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளை விழச் செய்யும். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதைக் குற்றம் என்கிறது. உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. இருந்தும் தமிழ்நாட்டில் அந்தச் செய்தி இல்லாத வருடம் இல்லை. இறந்தவர்களின் தெருவின் பெயரைக் கேட்டாலே அவர்கள் எந்தச் சாதி என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. எங்கள் குடியிருப்பில் மூடி திறக்கும் முறைக்கு ஒரு பட்டியல் போட்டோம். ஃபிரான்சுக்காரர் ஒருவர், கொரியாப் பெண் ஒருவர், எங்கள் ஊர்க்காரர்கள் மூவர். முதல் மாதம் எங்கள் ஊர்க்காரரில் ஒருவர், “இந்த வேலையெல்லாம் நம்ம செய்யறதாண்ணே?” என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். அவர் கேட்டதன் பொருள் எனக்குப் புரியாமல் இல்லை. கொரியாப் பெண் கரப்பான்களைத் தட்டிவிட்டுக் கழியை இறக்குவதை இரண்டு மாதம் பார்த்த பிறகு அவர் மறுபடி கேட்கவில்லை. மாறிவிட்டாரா, வாயை மூடிக்கொண்டாரா என்று நானும் கேட்கவில்லை.

வெளியூர்க் கதையைச் சொல்லாமல் வரலாறு முடியாது. புதுச்சேரியிலிருந்து கடலூர் போகிற சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியபோது ஸ்ரீ அரவிந்தரின் பெயரைத்தான் வைத்தார். புதுச்சேரிக் கிளை 2003-ல் வந்தது. அதன் கழிவுநீர் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தது ஆரோவில் மையம். நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் லிட்டர். நான் மேலே சொன்ன அதே வரிசைதான்: படிவு, காற்றில்லாத் தொட்டி, செடிப் படுகை, குளம். ஆனால் எங்களுடையதைப் போல எத்தனையோ மடங்கு. அந்த வளாகத்துப் புல்லும் மரமும் அந்தத் தண்ணீரில் நிற்கின்றன. கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களுக்கு அது தெரியாது, நிழல் தெரியும். இவ்வளவு பெரியது எப்படி ஒழுங்காக ஓடுகிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். அங்கே தினமும் பார்க்க ஆள் இருக்கிறது என்பதே பதில்.

வாரிய கசடு எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. பல வருடம் அதற்கு நேர்மையான பதில் கிடையாது. வண்டிக்காரர் ராத்திரியில் எங்கே திறந்துவிடுகிறார் என்று கேட்டால், “நமக்கெதுக்குண்ணே” என்பார். தமிழ்நாடு அரசு 2014-ல் செப்டிக் டேங்க் கசடு பற்றி நெறிமுறை வெளியிட்டது. மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழிப் பேரூராட்சியில் 2017-ல் மாநிலத்தின் முதல் கசடுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. லாரி வந்து கொட்ட, மணல் படுகையில் காயவைக்கிறார்கள். பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவிக்கொண்டிருக்கிறது. ஊராட்சிகளுக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

அந்தத் தூரத்தைப் பற்றித்தான் இந்த மலரைப் படிக்கிற பக்கத்து ஊராட்சித் தலைவர்களிடம் பேச ஆசைப்படுகிறேன். ஜல் ஜீவன் திட்டம் 2019-ல் வந்தது. ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர், வீட்டுக்குள்ளேயே குழாய். நல்ல காரியம், என் அம்மா சுமந்த குடங்களை எண்ணிப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டிய காரியம். ஐந்து பேர் வீட்டில் 275 லிட்டர் வந்தால் அதில் பெரும்பகுதி சாயங்காலத்துக்குள் கொல்லைப்பக்கம் வெளியே வரும். இரண்டு வாழை அதைக் குடிக்காது. தெருவில் ஓடும், அல்லது ஏரிக்குப் போகும். தூய்மை இந்தியா இரண்டாம் கட்டத்தில் அதற்குப் பணம் இருக்கிறது, உறிஞ்சுகுழியும் தோண்டுகிறார்கள். குழி தோண்டிய அன்று படம் எடுத்துப் பலகையும் வைத்துவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்து அந்தக் குழிகளைப் போய்ப் பாருங்கள். மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்து, பலகை மட்டும் நின்றுகொண்டிருக்கும். திட்டமதிப்பீட்டில் சிமெண்டுக்கு ஒரு வரி, கம்பிக்கு ஒரு வரி, ஜல்லிக்கு ஒரு வரி இருக்கிறது. மாதம் ஒருநாள் திறந்து பார்க்கிறவருக்கான கூலிக்கு வரி இல்லை. எங்களிடம் பார்க்க வருகிற ஊராட்சிக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘எவ்வளவு ஆச்சு?’ என்பது. ‘யார் திறக்கிறாங்க?’ என்று இதுவரை இருவர்தான் கேட்டிருக்கிறார்கள். இருவரும் பெண்கள்.

எங்கள் படுகைக்கு வயதாகிவிட்டது. அன்றைக்கு எண்ணெய் அடைத்தபோது முகப்பு ஜல்லியை மட்டும் எடுத்து அலசிப் போட்டோம். இப்போது முழுப் படுகையையும் தோண்டி எடுக்க வேண்டும். கல்வாழைக் கிழங்கைப் பிரித்து நிழலில் வைத்து, ஜல்லியைச் சல்லடையில் போட்டு அலசி, பெரியதை முகப்பிலும் சிறியதை நடுவிலும் பழையபடி அடுக்க வேண்டும். சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறோம், காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன். மண்வெட்டி ஏழு இருக்கிறது. ரப்பர் பூட்சும் கையுறையும் தருகிறோம். ஆள்தான் குறைவு. வர நினைக்கிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டியதில்லை. கல்வாழை எங்கே பூத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தால் போதும். கிழங்கு வேண்டுபவர்கள் பையும் கொண்டுவாருங்கள்.